ஆர்வில் ஹவ்கனின் தகடுகள்

பொறியை மூடியிருந்த மண்ணை யாரோ சலித்துப் போட்டிருந்தார்கள்.

லெராய் ஷ்மெல்சர் மண்ணைச் சலிக்கிற ஆள் இல்லை. கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போட்டு, பூட்ஸால் ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த பொறிக்கு நடையைக் கட்டுகிறவன். கல்லும் வேரும் உறைபனிக் கட்டியுமாக அவன் நேற்று அப்பிவிட்டுப் போன இடத்தில், இன்று மாவு மாதிரி நைசான காய்ந்த மண் கிடந்தது. எங்கே பொறி, எங்கே தரை என்று வைத்தவனுக்கே தெரியவில்லை. சங்கிலிகூட வெளியே தெரியாமல் புதைந்திருந்தது.

“எவனோ வேலை வெட்டி இல்லாதவன்,” என்று துப்பினான்.

மொன்டானாக்காரர்களைப் பற்றி அவனுக்கு எப்போதுமே இளக்காரம்தான். மாட்டோடு பேசுவார்கள், மனிதனோடு பேச மாட்டார்கள் என்பான். விஸ்கான்சினிலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கிய நாள் முதல், எங்கள் ஊர் மேடு, எங்கள் காபி, எங்கள் சட்டம், எல்லாவற்றையும் பழித்துக்கொண்டிருந்தான். சட்டத்தைத்தான் அதிகம் பழித்தான். வெளிமாநிலத்தான் காசு கட்டி லைசென்ஸ் வாங்கி நரி பிடிக்கலாம். ஆனால் குட்டைவால் காட்டுப்பூனை உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான். அதன் தோலுக்குத்தான் விலை. மீறிப் பிடித்து மாட்டினால் லைசென்ஸ் போகும், இங்கே போனால் அவன் ஊரிலும் போகும். ஏனென்றால் இந்த விஷயத்தில் மாநிலங்கள் ஒன்றிடம் ஒன்று கோள் சொல்லிக்கொள்ளும். பொறி வைப்பதைத் தவிர லெராய்க்கு ஒரு தொழிலும் தெரியாது. லைசென்ஸ் போனால் அவனுக்கு மிஞ்சுவது அந்த ஓட்டை வண்டியும் அதைவிட ஓட்டையான வாயும்தான்.

அதனால் அவன் ஒரு தந்திரம் செய்தான். தந்திரம் என்று அவன்தான் சொல்லிக்கொண்டான்.

பொறி ஒவ்வொன்றிலும் சொந்தக்காரனின் பெயரும் ஊரும் பொறித்த செப்புத் தகடு தொங்க வேண்டும். இறந்துபோன ஆர்வில் ஹவ்கனின் பொறிகளை அவர் மகள் ஜோலீன் கொட்டகையோடு காலி செய்தபோது லெராய் மொத்தமாக வாங்கினான். அவள் கையில் ஒரு கம்பி வெட்டியோடு வந்து நின்றாள்.

“தகட்டையெல்லாம் இங்கயே அறுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. அப்பா பேரு போட்டது.”

“வீட்டுக்குப் போய் அறுத்துக்கிறேம்மா. குளிர்ல விரல் மடங்க மாட்டேங்குது.”

அறுக்கவில்லை. உள்ளூர்க்காரன் பெயர் தொங்கினால் வேட்டையைக் கண்காணிக்கும் எந்த வார்டனும் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்பது கணக்கு. ஆர்வில் செத்தது ஊருக்கே தெரியும் என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் பூனை ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதும் சரியில்லை. பொறியைச் சுற்றித் தரை கீறிக் கிடந்தது, ரோமம் உதிர்ந்திருந்தது. விழுந்ததை அவனுக்கு முன்பே யாரோ எடுத்துவிட்டு, பொறியை மறுபடி வைத்திருந்தார்கள். அவன் வைத்ததைவிட நன்றாக. திருட்டுப் போனதைவிட அதுதான் அவனுக்கு எரிச்சல். திருடன் வீட்டிலேயே திருட்டு!

ஒரு நாள் மதியம் பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருந்த டார்லா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன விஸ்கான்சின், இன்னும் ஊருக்குக் கெளம்பலியா? நீங்க வேற, இங்க பெரிய கூத்து நடக்குது. ஆர்வில் ஹவ்கன் பேரு போட்ட பொறி மேட்டுல கெடக்குதாம். செத்தவன் எப்படிய்யா பொறி வைப்பான்? நாளைக்கு வார்டன் வந்து நடந்தே பாக்கப் போறாராம். பொறிய யாருக்கு வித்தேன்னு ஜோலீனையும் கேப்பாராம்.”

லெராய் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினான். பொறி இல்லையென்றால் வழக்கும் இல்லை. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கி வண்டியில் போட்டுவிட்டால் போதும்.

மேட்டில் காற்று செத்திருந்தது. காலையில் விழுந்த பனி சேஜ் புதர்களின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்க, அவன் பூட்ஸ் நொறுக்கும் சத்தமும் தோளில் கிடந்த சாக்குக்குள் இரும்பும் இரும்பும் இடிக்கும் சத்தமும் தவிர அந்தப் பரந்த வெளியில் வேறு எதுவும் கேட்கவில்லை. முதல் பொறியைத் தோண்டி எடுத்தபோது உருகிய மெழுகின் வாசனை அடித்தது. அவன் வாங்கியபோது துருப்பிடித்துக் கிடந்த பொறி. இப்போது, கைதேர்ந்த பொறிக்காரர்கள் இரும்பு வாடையை மறைக்கச் செய்வதுபோல், கறுப்புச் சாயம் ஏறி, மெழுகில் முக்கி எடுத்த பளபளப்போடு, கீல்கள் எண்ணெய் மணக்க அவன் கையில் இருந்தது. செப்புத் தகடும் துலக்கியிருந்தது. ஆர்வில் ஹவ்கன், கார்வர் கிரீக்.

அப்போதுதான் அந்தத் தடங்களைப் பார்த்தான். அகலமான ரப்பர் பூட்ஸ், பக்கத்திலேயே ஊன்றுகோல் குத்திய குழி. முதல் பொறியிலிருந்து அடுத்த பொறிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. சாலையிலிருந்து முதல் பொறிக்கு வந்த தடம் எங்கே என்று தேடினான். சுற்றிச் சுற்றித் தேடினான். பனி வழவழவென்று கிடந்தது. தடம் பொறியருகே தொடங்கியது, அவ்வளவுதான்.

பின்னோக்கி நடந்து ஏமாற்றுகிறான் கிழட்டுப் பயல், என்று நினைத்துக்கொண்டான். எந்தக் கிழட்டுப் பயல் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பொறிகளை அவசர அவசரமாகப் பிடுங்கினான். முகட்டில் ஏறியதும் கைபேசியில் சிக்னல் வந்தது. ஜோலீனைக் கூப்பிட்டான்.

“உங்க அப்பாவோட தொழில் பண்ணினவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“அப்பா யாரையும் கூடச் சேத்துக்க மாட்டாரு. ஏன்?”

“யாரோ என் பொறிய வந்து வந்து பாக்கறான்.”



“தகட்ட அறுத்தீங்களா, இல்லியா?”

“இப்ப அது எதுக்கு?”

“எதுக்கா? பேரு யாருதோ அவங்கதான் போய்ப் பாக்கணும். காய்ச்சல்ல கெடந்தப்பகூட எந்திரிச்சுப் போனாரு அந்த மனுஷன். ஆஸ்பத்திரில சாகறப்பவும், வெளிய பொறி எதுவும் மிச்சமில்லையேன்னு கேட்டுட்டுத்தான் கண்ண மூடினாரு. நான் இல்லப்பான்னு சொன்னேன். நீங்க என்னைப் பொய்க்காரியாக்கிட்டீங்க.”

“லூசுக் குடும்பம்,” என்று சொல்லிவிட்டு லெராய் இணைப்பைத் துண்டித்தான்.

கீழே கல்லோடைக்குள் இன்னும் சில பொறிகள் பாக்கி இருந்தன. வெயில் மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டிருந்ததால் ஓடைக்குள் நீல நிழல் நிறைந்து, பாறை எது, பனி எது, புதர் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாகிக்கொண்டிருந்தது. பிடுங்கினான். சாக்கு தோளை அறுத்தது. கடைசிப் பொறியையும் பிடுங்கி நிமிர்ந்தபோது, சற்றுத் தள்ளி ஒரு பாறையடியில் இன்னொரு செப்புத் தகடு மின்னியது. அங்கே அவன் பொறி வைக்கவில்லை. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பாலும்.

அப்போது மேலே, அவன் முதலில் பிடுங்கிய இடத்தின் பக்கமிருந்து, சத்தம் வந்தது.

பொறிக்காரர்கள் முதுகில் மாட்டுகிற பிரம்புக்கூடை நடையில் உரசுகிற சத்தம். கிறீச். கிறீச். நடுவில் ஊன்றுகோல் பனியில் இறங்குகிற சத்தம். அவசரமே இல்லை. கொஞ்ச தூரம் வரும், நிற்கும். பொறி இருந்த குழியருகே நிற்கும். பிறகு அடுத்த குழிக்கு வரும்.

வார்டனாக இருக்கட்டும் என்று லெராய் வேண்டிக்கொண்டான். லைசென்ஸ் போகட்டும், ஊர் சிரிக்கட்டும், அது வார்டனாக இருந்தால் போதும். எங்கள் சட்டத்தின் மேல் அவனுக்கு மரியாதை வந்தது அந்த ஒரு தடவைதான்.

சாக்கைப் போட்டான். வண்டிக்கு ஓட வேண்டும். எங்கே கால் வைத்தாலும் தகடு இருக்கலாம். அதனால் கெட்டிக்காரத்தனமாக, தான் வந்த தடத்திலேயே திரும்பினான். தன் பூட்ஸ் அச்சிலேயே பூட்ஸை வைத்தான். ஒன்று. அடுத்தது. அடுத்தது. தான் மிதித்த இடம் பத்திரம் என்றுதான் பூனையும் நினைக்கும். தன் தடத்திலேயே திரும்பி வரும் பூனைக்கு அந்தத் தடத்தின் அடியிலேயே பொறி வைப்பது இந்தத் தொழிலில் பாலபாடம். லெராயே அப்படி எத்தனையோ பூனைகளைப் பிடித்திருக்கிறான்.

படீர்.

கணுக்கால். வலியைவிட அதிர்ச்சி. பொறியைத் திறக்கும் வில்கம்பியைக் குனிந்து அழுத்தப் பனியில் கை ஊன்றினான்.

படீர்.

வலது கை. விரல்கள் நான்கும் இரும்புக்குள். ஒரு தடத்துக்கு இரண்டு பொறி. சங்கிலியை இழுத்துப் பார்த்தான். ஆழத்தில் அறைந்த ஆணி. அசையவில்லை. ஒற்றை இடக்கையால் அந்த வில்கம்பி மடங்காது. கைபேசிக்கு இங்கே சிக்னலும் இல்லை. மண்டியிட்டு, கை நீட்டி, நாலு காலில் நிற்கிற பிராணியாக நின்றான்.

கிறீச். கிறீச்.

“யாரு? யாருய்யா அது?”

கூடை நின்றது. அருகில். மிக அருகில். பின்னால்.

“நான் மனுஷன்யா! லைசென்ஸ் இருக்கு! சட்டைப் பையில இருக்கு, பாரு! வெளிமாநில லைசென்ஸ்! முழுப் பணம் கட்டியிருக்கேன்!”

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கழுத்து வந்தாலும் அவன் பார்த்திருக்க மாட்டான். மெழுகு வாசனை. கூடையைப் பனியில் இறக்கி வைக்கிற சத்தம். ஒரு முழங்கால் மடிந்து, பிறகு மற்றதும் மடிகிற சத்தம். லெராய் அழத் தொடங்கினான்.

தலையிலிருந்து தொப்பியை மெல்லக் கழற்றியது ஒரு கை.

தோல் பார்க்கத் தெரிந்தவன் ரோமத்தைத் தடவிப் பார்க்க மாட்டான். வாயைக் குவித்து ஊதுவான். முடி இரண்டாகப் பிரிந்து அடித்தோல் தெரியும். வெளுத்திருந்தால் தோல் விளைந்துவிட்டது, உரிக்கலாம்.

பிடரியில் மூச்சு பட்டது. சூடில்லாத மூச்சு. முடி பிரிந்தது.

ஊதல் நின்றது.

கம்பளிச் சட்டையின் கழுத்தை ஒரு விரல் கீழே இழுத்தது. நடு முதுகில், பொறுமையாக, அந்த வாய் மறுபடியும் ஊதியது.