கல்லைவிட இளைய மணல்

சனிக்கிழமை, காலை 9.40. திருச்சியில் ஒரு கல்லூரி, நிலவியல் துறை. வெளியூர் ஆய்வகத்திலிருந்து வந்த மெயிலைத் திறந்த ஆரிஃபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷ உழைப்பு போயிற்று.

விஷயம் இதுதான், கண்ணுகளா. ஊட்டத்தூர்ப் பக்கத்து மணற்கல் கடலடியில் படிந்து பத்துக் கோடி வருஷம் ஆகிறது. அந்த மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மணலுக்குள் சிர்கான் என்று ஒரு கெட்டித் துகள் இருக்கும். மலை பிறந்தபோது கூடவே பிறந்தது. அதன் வயதைக் கணித்தால் மலையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆரிஃபா இருநூறு துகள்கள் அனுப்பியிருந்தாள். அவற்றில் நாற்பதின் வயது வெறும் ஆறு கோடி.

"2010ல தச்ச மூட்டைக்குள்ள 2020ல அறுத்த நெல்லு எப்படிம்மா வரும்?" என்றாள் லிசி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே மணல் கழுவும் ஆய்வக உதவியாளர். மண்ணச்சநல்லூர்க்காரி.

வழிகாட்டிப் பேராசிரியர் பிரிட்டோ முடிவே கட்டிவிட்டார். "துகள் பத்தலை. எதையோ போட்டு எண்ணிக்கையை நிரப்பியிருக்கா. திங்கக்கிழமை கமிட்டி. மோசடின்னு ஆச்சுன்னா பிஎச்.டி. பதிவு ரத்து."

10.15. லிசி கேட்டாள்.

"அனுப்புறதுக்கு முன்னாடி துகள் குப்பி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான்க்கா."

"வேற?"

"ஹரிஹரசுதன் சார் வீட்ல ஒரு வாரம். சரிபாக்கக் குடுத்தேன். அவரே சீல் வச்சுக் குடுத்தார்."

"சீல் உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லை. உடையாம வந்துச்சுன்னு ஆய்வகத்துல எழுதியிருக்காங்க."

11.50. ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் சாலை, மூன்றாவது மாடி. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஹரிஹரசுதன், மணியோசை அடங்குமுன் கதவைத் திறந்தார். வாசலில் லிசி மட்டும் நின்றாள்.

"ஆரிஃபா வரலையா?"

இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவள் இங்கே வந்து, அவருடைய நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்குவாள். இன்றைக்கும் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. அந்த வீட்டில் வேறு யாரும் வந்துபோன சுவடே இல்லை.

"காபி போடுறேன். டிகாக்ஷன் நிறையவே இருக்கு."

"இருக்கட்டும் சார்."

லிசியின் கண் அலமாரிக்குப் போனது. வரிசையாகப் பழைய குப்பிகள், எல்லாவற்றின் மேலும் தூசி. ஒன்று மட்டும் துடைத்து வைத்தது போல் இருந்தது. சீட்டில் 'லடாக், சிர்கான்'.

"லடாக் கல்லுக்கு என்ன வயசு சார்?"

"சுமார் ஆறு கோ..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீங்கதான் சார் கலந்தீங்க."

"அவளும்தான் இந்த அலமாரிப் பக்கம் உக்காந்திருக்கா."

"எண்ணிக்கையை நிரப்பணும்னா, அவ கொள்ளிடத்து மணல்ல நாப்பது துகள் எடுத்திருப்பா சார். அதுவும் பெரும்பாலும் நம்ம மலைங்கள்லேருந்து வந்ததுதான். வயசு ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இது பாத்த உடனே மாட்டிக்கிற துகள். பொய் முடிவு அச்சுல ஏறக்கூடாது, ஆனா வேலை மட்டும் முதல்லேருந்து நடக்கணும்னு நெனச்சவர் போட்டது. எல்லாரும் துகளோட வயசைப் பாத்தாங்க. ஏன் இந்தத் துகளைப் போட்டாங்கன்னு யாரும் கேக்கலை."

ஹரிஹரசுதன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பவும் பொறுக்கச் சொல்லுவாங்க, இன்னும் ஆறு மாசம் வருவான்னு நெனச்சேன். அவ மேல பழி விழும்னு தோணவே இல்லை, லிசி."

"திங்கக்கிழமை பதினொரு மணி சார்."

திங்கள், 11.05. பஸ்ஸில் தனியாக வந்தார். கமிட்டி முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிரிட்டோ ஆரிஃபாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காகிதத்தைப் புரட்டினார். பதிவு தப்பியது.

வாசலில் ஆரிஃபா ஒன்றே ஒன்று கேட்டாள். "சனிக்கிழமை சும்மா வந்துட்டுப் போம்மான்னு சொல்லியிருந்தா, நான் வந்திருக்க மாட்டேனா சார்?"

"கேக்கத் தெரியலைம்மா."

மிச்ச மணலிலிருந்து மறுபடி துகள் பொறுக்க, அந்தச் சனிக்கிழமை ஆரிஃபா லிசியின் மேசை முன் உட்கார்ந்தாள்.