வலது பின்னங்கால்

நகம் மூன்று தரம் தரையில் பட்டது. நான்காவதாகப் பட்டது நகம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த விசாலாட்சி கையை அப்படியே நிறுத்தினாள். தீவின் லம்பா லைன் பகுதியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்குப் போடாத முன்னறையில் அவள் நாய் சோட்டு எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. டிக், டிக், டிக், அப்புறம் நனைந்த துணியைத் தரையில் போட்டதுபோல மெத்தென்று ஒன்று. அடிபட்ட காலை ஊன்றிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கட்டுப் போட்ட கால் அப்படி ஒலிக்காது. ஆள் வெறுங்காலோடு நடந்தால்தான் அப்படிக் கேட்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது சோட்டு கட்டிலுக்கடியில் படுத்திருந்தது, கண் மட்டும் தெரிந்தது.

அதற்கு அடிபட்டது அவளால்தான். ஹேடோ துறைமுக ஸ்டோரில் கிளார்க், வயது நாற்பத்து மூன்று, மெயின்லேண்டில் போய் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று கிளம்பியவள். ஆபீஸில் சிரித்த வாய்களை மூட வேண்டும் என்கிற வீம்பு. புருஷன் தம்பையா கப்பலில் சமையல்காரன், மாதத்தில் பாதி நாள் கடலில். ஓட்டத்துக்குத் துணை சோட்டுதான். போன திங்கட்கிழமை ஏர்போர்ட் ரோட்டில் வேகம் குறைகிறதே என்று அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ஜீப் ஒன்று அதன் வலது பின்னங்காலில் ஏறிவிட்டது. டாக்டர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். அடுத்த திங்கள்வரை பார்ப்போம், உணர்ச்சி திரும்பாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான், அதுவரை கட்டைப் பிரிக்காதே என்று இந்தியில் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அடிபட்ட மறுநாள் ஆபீஸ் விட்டதும் அம்மன் கோவிலுக்குப் போனாள். வாசலில் ரெங்கம்மாவின் பூக்கடையில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் எல்லாம் அச்சடித்துக் கிடைக்கும். எந்த உறுப்புக்கு நோவோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். நாய்க்கால் இருக்கிறதா என்று விசாலாட்சி கேட்டாள்.

"மனுசக் கால்தாம்மா கப்பல்ல வருது. பரவால்ல, இதையே போடு" என்றாள் ரெங்கம்மா. "ஆனா வீட்டுக்குக் கொண்டுபோயி அதோட கால்ல தடவிட்டுத்தான் கொண்டாந்து போடணும். மறந்துறாத."

வீட்டுக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி நேரமாகும். அன்றைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். விசாலாட்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். தகட்டைத் தன் வலது காலில் தொடையிலிருந்து பாதம்வரை ஒரு தடவு தடவி உண்டியலுக்குள் போட்டாள். அம்மனுக்குத் தெரியாதா, யாருக்காக வந்தோம் என்று?

அன்று முதல் ஓட்டம் சொல்லி மாளாது. இடது கால் கெஞ்சும்போதுகூட வலது கால் தன்பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனது. கூழாங்கல் உறுத்தவில்லை, வலி இல்லை, சொல்லப்போனால் கால் இருப்பதே தெரியவில்லை. வியாழனன்று வலது ஷூ தளர்ந்தது. இரண்டு காலுறை போட்டாள். வெள்ளியன்று பஞ்சு அடைத்தாள். நகம் கறுத்திருந்தது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு நகம் கறுப்பது சகஜம் என்று எங்கோ படித்திருந்ததால் பெருமையாகக்கூட இருந்தது. சனியன்று இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அன்றிலிருந்து குளிக்கும்போதும் காலுறையைக் கழற்றவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அன்று ராத்திரி தம்பையா கப்பலிலிருந்து போனில் கூப்பிட்டபோது அவள் குரலிலேயே அவன் ஏதோ புரிந்துகொண்டான்.

"ஓடுறத நிறுத்து சாலா. உன் காலுக்கு ஏதாச்சும் ஆனா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அதோட கால் தப்பிச்சாப் போதும். அதுக்குப் பதிலா என்ன வேணாலும் குடுத்துருவேன்."

மனசறிந்துதான் சொன்னாள்.

ஞாயிறு மாலை வீட்டைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டு, தரை காயுமுன் ஓடக் கிளம்பினாள். மூன்று கிலோமீட்டர்கூடத் தாண்ட முடியவில்லை. வலது கால் அவள் சொன்னபடி மடங்காமல், முழங்காலுக்குக் கீழே மூட்டே இல்லாத இடத்தில் பின்பக்கமாக மடங்கப் பார்த்தது. நொண்டிக்கொண்டே திரும்பினாள். தெருவில் கரண்ட் இல்லை. கதவைத் திறந்ததும் பினாயில் நெடி, அதற்குள் மருந்து வாசனை, அதற்கும் அடியில் மழையில் நனைந்த நாயின் வாடை. அந்த வாடை கட்டில் பக்கமிருந்து வரவில்லை. அவள் ஷூவிலிருந்து வந்தது.

செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள்.

அவள் துடைத்த ஈரத்தில் தடங்கள். ஒரு நாய்ப்பாதம், இன்னொன்று, இன்னொன்று. நான்காவது தடத்தில் குதிகால் இருந்தது. ஐந்து விரல் இருந்தது. அவளுடையதாக இருக்க முடியாது. ஷூவோடுதான் வெளியே போனாள், ஷூவோடுதான் நிற்கிறாள்.

கட்டிலோரம் டாக்டர் போட்ட கட்டு அவிழ்ந்து கிடந்தது. தப்பை இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே ஏதோ பெரிதாக வளர்ந்து பிளந்ததுபோல.

"சோட்டு" என்றாள். பயமாக இருந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை. டாக்டர் எடுத்துவிடுவார் என்று நினைத்த கால்.

கட்டிலுக்கடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. முன்னங்கால் இரண்டும். இடது பின்னங்கால்.

பிறகு அது.

ரோமமில்லாமல். மாநிறமாக. நாயின் இடுப்பைத் தூக்கி நிறுத்துமளவுக்கு நீளமாக. முழங்கால் ஆள் முழங்கால்போல முன்னால் துருத்தி மடங்கியது. பாதம் தரையில் மெத்தென்று பதிந்தது. இரண்டாவது விரலில் மெட்டி. மணவறையில் தம்பையா குனிந்து மாட்டிவிட்ட மெட்டி.

விசாலாட்சி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சோட்டு அவள் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. வலியில்லை அதற்கு. ஒரு வாரம் கழித்து இன்றுதான் வாலை ஆட்டுகிறது. அவளெதிரில் வசதியாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அந்தக் காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறிய ஆரம்பித்தது. மெட்டி ரோமத்துக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது.

ஐந்து நாளாக மரத்துக் கிடந்த அவளுடைய வலது கால் விரல்களில் உணர்ச்சி திரும்பியது. விரலிடுக்கில் வெதுவெதுப்பான, அடர்ந்த ரோமம் உரசியது.