மஞ்சள் சவர்க்காரம்

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த வெயிலில், அடுப்பிருக்கும் குசினிப் பக்கமிருந்து சவர்க்கார வாசம் வந்ததும் முனீப் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான், ஏனென்றால் வீட்டில் ஒரு சவர்க்காரத் துண்டுகூட இல்லை. இருந்ததையெல்லாம் அவனே கிண்ணியாப் பாலத்தில் நின்று கடலுக்குள் வீசியிருந்தான். மனைவி சுஹைரா, மகள் அப்ராவோடு தாய்வீடு போயிருந்தாள்.

அதே கரையில் மீன்பிடிக்கும் ஜமால்தீன் ஒருநாள் முனீப்பின் வலையை வெட்டினான். முனீப் அவனுடையதை வெட்டினான். அன்றைக்கே சுஹைரா சொன்னாள்: "வலைக்கு வலை சரியாப் போச்சி. இதோட விடுங்க."

கேட்டானா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஜமால்தீனின் வள்ளத்து அடித்துளைத் தக்கையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, துளையில் மஞ்சள் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தான். கரையில் அடைப்பு இருக்கும்; கடலில் ஊறிக் கரையும். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் நினைத்தான். அன்று பார்த்துக் காற்று பெருத்தது. வள்ளம் மட்டும் கவிழ்ந்து மிதந்தது. ஜமால்தீனின் மையத்து இன்னும் கரை ஒதுங்கவில்லை.

குசினித் தரையில், நேற்றுவரை வழுவழுவென்றிருந்த சிமெந்தில், வட்டமாக ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் மெல்லக் கொப்பளித்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

அலுமாரியில் ஒளித்த தக்கையை எடுத்து வந்து அழுத்தினான். அளவெடுத்தது போல் பொருந்தியது. தண்ணீர் நின்றது. மூச்சு விட்டான்.

தக்கை அசைந்தது. கீழிருந்து யாரோ தள்ளினார்கள். கழன்று உருண்டது.

பெருவிரலைத் துளைக்குள் திணித்தான். அதைக் குளிர்ந்த விரல்கள் பிடித்துக்கொண்டன.

குசினியின் முற்றத்துக் கதவு தட்டப்பட்டது. "திறங்க. பிள்ளைக்கு வெயில் சுடுது." சுஹைராதான். குசினித் தண்ணீர் கதவிடுக்கால் வெளியே வழிந்துகொண்டிருந்தது. அதில் அப்ரா சளக் சளக்கென்று குதித்துச் சிரிப்பது கேட்டது.

இழுத்தான். ஏலவில்லை. தோல் உரிந்தது.

"விடுங்க ஜமால்தீன் நானா," என்று அழுதான். "நான் செஞ்சது கூடிப்போச்சி. இதோட விடுங்க."

பிடி விட்டது.

வெளியே சிரிப்பும் நின்றது.

"அப்ரா?" என்றாள் சுஹைரா.

வழிந்த தண்ணீர் திரும்பி, கதவிடுக்கால் உள்ளே வந்து, துளையை நோக்கி ஓடியது. அதோடு ஒரு சின்னச் செருப்பும் வந்தது.