மேபலின் அம்மா ஏன் அழுதாள்

மேபலின் அம்மா அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தில் அழுவாள் என்பது மெரினுக்கு நினைவே இல்லை.

சின்ன வயதில் அதை எத்தனை தடவை படித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அட்டை பிய்ந்து, அப்பா சாக்கு தைக்கும் நூலால் தைத்துக் கொடுத்து, அந்தத் தையலும் பிரிந்துபோன புத்தகம். மரக்கால்கள் மேல் நிற்கும் ஒரு வீடு. அதன் அடியில், துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னால், ஒரு சின்னக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் உஷ் மாமாவின் ராஜ்யம். மேபல் அங்கே இறங்கிப் போவாள், கேக் தின்பாள், அம்மா மேலேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டதும் ஏறி வந்துவிடுவாள். இதுதான் கதை. ஆனால் இதோ, மூன்றாம் அத்தியாயத்தில், மகளுக்குத் தட்டு வைத்துவிட்டு அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று அப்போது நினைத்திருக்க வேண்டும். இப்போது பார்த்தால் அந்தப் பக்கத்தில் வெங்காயமே இல்லை.

"ஏன் நிறுத்திட்டே? படிம்மா," என்றாள் மகள் டில்டா.

பிற்பகல்தான். ஆனாலும் குளியலறையில் டார்ச் இல்லாமல் எழுத்து தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒட்டுப்பலகை அடித்தாகிவிட்டது. புயலுக்குப் பேர் வைத்துவிட்டால் வட குவீன்ஸ்லாந்தில் குளியலறைதான் கோட்டை. நாலு சுவரும் நெருக்கமாக நிற்பதால் கூரை பறந்தாலும் அது மட்டும் தாங்கும் என்பார்கள். தொட்டி நிறையத் தண்ணீர், அதன் மேல் மிதக்கும் பிளீச் வாடை, தலைக்கு மேல் சாய்த்த மெத்தையின் ஈரப் பஞ்சு வாடை, மகளின் தலைமுடியில் தேங்காய் ஷாம்பு. வெளியே காற்று தகரக் கூரையின் விளிம்பில் விரலை நுழைத்து நெம்பிப் பார்த்தது. விட்டது. மறுபடி வந்து நெம்பியது.

காலையில் பக்கத்து வீட்டு டெஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா மெரின், தொட்டியில தண்ணி புடிச்சியா? இல்ல போன தடவ மாதிரி புயல் வந்து கதவத் தட்டினப்புறம்தான் குழாயத் தேடப் போறியா?" என்று சீண்டினார்.

"நீங்க உங்க பியர் பெட்டிய பத்திரமா பாத்துக்கங்க டெஸ். என் தொட்டிய நான் பாத்துக்கறேன்."

மேட்டில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மெரினையும் கூப்பிட்டார். புத்தகத்து வீட்டைப் போலவே மரக்கால்கள் மேல் அப்பா கட்டிய வீடு, பெரிய பெரிய புயலை எல்லாம் பார்த்தாயிற்று என்று இவள்தான் வீம்பு பிடித்தாள். இந்த ஊர்க்காரர்களுக்கே உள்ள வீம்பு அது. கணவன் ஓவன் கண்டத்தின் மறுகோடியில் சுரங்கத்தில் இருக்கிறான், போன் செத்துவிட்டது. சாலை முழுக்கக் கம்பமும் மரமும் சாய்ந்திருக்கும். இனி நினைத்தாலும் போக முடியாது. பிஸ்கட் என்ற அவர்கள் நாய் மட்டும் உள்ளே வரமாட்டேன் என்று வீட்டுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

அவள் படித்தாள். படிக்கப் படிக்க, சின்ன வயதில் தாண்டிக் குதித்த இடங்களில் எல்லாம் கால் மாட்டிக்கொண்டது. உஷ் மாமாவுக்கு யார் குரலில் வேண்டுமானாலும் பேச வரும்; மேபல் விழுந்து விழுந்து சிரிப்பாள். உஷ் மாமாவிடம் ஒரு விளையாட்டு உண்டு: மேலேயிருந்து குரல் வந்ததும் யார் முதலில் படியில் கால் வைக்கிறார்களோ, அவர்கள் மேலே போகலாம், மற்றவர் கீழேயே இருக்க வேண்டும். 'மேபல், மேலே வா!' என்று அம்மா கூப்பிடுகிறாள். அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் மேபல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கொதிக்கும் சூப்பை ஊதாமல் குடிக்கிறாள். அவள் படியேறியதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதற்கடுத்த அத்தியாயத்தில் மேபல் கீழே விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவள் இறங்கியதாகவும் எழுதியிருக்கவில்லை.

மேலே வந்து உட்கார்ந்திருப்பது மேபல் இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் தட்டு வைத்திருக்கிறாள். தான் கூப்பிட்டுத்தானே அது வந்தது?

"உஷ் மாமா நல்லவராம்மா?"

"நல்லவர்தான் கண்ணு," என்றாள் மெரின். "கத தானே."

அப்போது காற்று நின்றது.

யாரோ கதவை இழுத்துச் சாத்தியதைப் போல ஒரே நொடியில் நின்றது. காது அடைத்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் மட்டும் மெல்ல ஆடியது. புயலின் கண். இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும், இந்த அமைதியை நம்பக்கூடாது. கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு மடங்காக அடிக்கும். வெளியே போகாதீர்கள் என்று ரேடியோவும் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படுக்கையறைக் கூரையை ஒரு பார்வை பார்த்துவிடாமல் இந்த ஊரில் யாரால் இருக்க முடியும்? அப்பாவும் அப்படித்தான் போவார்.

"இங்கயே இரு. அசையக்கூடாது. இதோ வந்துட்டேன்."

படுக்கையறையில் ஒரு மூலையில் ஒழுகியது. வாளியை வைத்தாள். திரும்பி வந்தாள். டார்ச் எரிந்துகொண்டிருந்தது. புத்தகம் குப்புறக் கிடந்தது. டில்டா இல்லை.

பின்கதவு திறந்திருந்தது. வீட்டுக்கு அடியிலிருந்து மகளின் குரல் வந்தது: "பிஸ்கட்! வாடா செல்லம்! பயப்படாதடா!"

மெரின் பின்தாழ்வாரத்துக்கு ஓடினாள். வானம் மஞ்சளாக இருந்தது. எந்த மரத்திலும் ஓர் இலை இல்லை. படியின் கடைசி வரிசைகள் சேற்றுத் தண்ணீரில் மூழ்கியிருந்தன. அதற்குக் கீழே வெறும் இருட்டு. கரும்புக் காட்டுக்கு அப்பால் ஓர் உறுமல் கிளம்பியது. அது வளர்ந்தது. இந்தப் பக்கமாகத்தான் வந்தது.

"டில்டா! மேல வா! உடனே மேல வா!"

கத்திய வாயை மூடுவதற்குள் அவளுக்கு உறைத்தது. எந்த வார்த்தையைச் சொன்னோம் என்று உறைத்தது.

கீழே தண்ணீர் சலசலத்தது. முதல் படி முனகியது. அடுத்த படி. ஓடி வரவில்லை. ஒவ்வொரு படியாக, நிதானமாக. இருட்டிலிருந்து டில்டாவின் தலை மேலே வந்தது. முகம். ஈரச் சட்டை.

"நாய் எங்கடி?"

"அது வரமாட்டேங்குது."

யோசிக்க நேரமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினாள். தாழ்ப்பாள் போட்டாள். மெத்தையை இழுத்து இருவர் மேலும் கவிழ்த்தாள். வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஆணிகள் கிறீச்சிட்டன. தேங்காய் ஷாம்பு வாடையைத் தேடி மகளின் தலையில் முகம் புதைத்தாள். சேற்று வாடைதான் அடித்தது. சேற்றில் போய்வந்த பிள்ளை வேறெப்படி மணக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"படிம்மா," என்றாள் டில்டா.

தொட்டி ஓரத்தில், குழாய் இறங்கும் இடத்தில், தரைப்பலகையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஈரக் காற்று சீறியது. சீறலுக்குள் ஒரு குரல்.

"அம்மா! பிஸ்கட்டோட கழுத்துப்பட்ட மாட்டிக்கிச்சும்மா! அம்மா! தண்ணி ஏறுதும்மா!"

மெரின் ஓட்டைப் பக்கம் குனிந்தாள்.

மெத்தைக்கு அடியில் இருந்தவள் தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டாள். "அது உஷ் மாமாம்மா," என்றாள். "அவருக்கு யார் குரல் வேணா வரும். நீதானே படிச்சே?"

"அம்மா, என்னையும் கூப்பிடும்மா!"

மெரின் எழுந்து கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. சட்டமே திருகிக்கொண்டுவிட்டது. தோளால் மோதினாள். மறுபடி மோதினாள். வரவில்லை. எந்தப் பிள்ளை? பெற்றவளுக்குத் தெரியாதா? டார்ச்சை அந்த முகத்தில் அடித்துப் பார்த்தாள். டில்டாவின் மூக்கு. டில்டாவின் உதட்டு மச்சம். கண் கூசவில்லை. பயத்திலும் கண் கூசாது. கூசாமல் இருக்கலாம்.

"டில்டா!" என்று தரையைப் பார்த்து அலறினாள்.

"என்னம்மா?"

மேலேயும் கீழேயும். ஒரே நேரத்தில்.

அவள் தரையில் விழுந்து, ஓட்டைக்குள் கையை முழங்கை வரை திணித்தாள். கீழே ஒரு சின்னக் கை அதைப் பற்றியது. மெத்தைக்கு அடியிலிருந்து இன்னொரு சின்னக் கை வந்து அவளது மறு கையைப் பற்றியது. இரண்டும் சில்லென்று இருந்தன. இரண்டின் நகங்களையும் அவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். டில்டா நகம் கடிப்பாள். இரண்டும் கடித்த நகங்கள்.

இரண்டு கைகளும் மெல்ல இழுக்க ஆரம்பித்தன.