சர்தாரின் வால் முடி

"சர்தாரோட வால் முடி வேணும் சார். வேரோட."

பண்ணை முதலாளி தங்கராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

அதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எஸ்தரிடம் சொல்லியிருந்தார்கள். சர்தார், புனே பக்கத்துச் சாகணில் இருக்கும் அந்தப் பால் பண்ணையின் பொலிகாளை. கடைசியாகக் கேட்டவன், பண்ணை லேபில் அவளுக்கு மூத்தவன் நிர்மல். போன வாரம் கொட்டிலில் விலா நொறுங்கிச் செத்துக் கிடந்தான். முதலில் பார்த்தவள் எஸ்தர்தான். அவன் விரல்களுக்குள் ஒரு கொத்து வால் முடி... அதில் கொஞ்சத்தை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

முடி பிடுங்கப் போனான், காளை உதைத்துவிட்டது. போலீஸ் அத்தோடு முடித்துவிட்டது.

"எதுக்கும்மா முடி?" தங்கராஜ் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

எஸ்தர், கசார்வாடி லேத் பட்டறைக்காரர் மகள், வீட்டின் முதல் பட்டதாரி. வாயை மட்டும் எந்தக் காலேஜாலும் அடக்க முடியவில்லை.

"ஏ-டூ புரதம் மட்டும் இருக்கிற பால்னு சொல்லித்தான் நாம விக்கிறோம். பால்ல எந்தப் புரதம் வரணும்னு மாட்டோட ஜீன்தான் முடிவு பண்ணும். சர்தாரோட பொண்ணுங்க பால்ல ஏ-ஒன் வருது. தாய்ங்க எல்லாம் சுத்த ஏ-டூ. அப்போ ஏ-ஒன் அப்பன்கிட்டேருந்துதான் வந்திருக்கு."

"சர்தாருக்கு சர்ட்டிபிகேட் இருக்கே."

"வேற மாட்டு முடிய அனுப்பி வாங்குனது. நிர்மல் அண்ணன் கையில இருந்த முடிய டெஸ்ட் பண்ணேன் சார்... அதுல ஏ-ஒன் ஜீனே இல்ல."

தகரக் கூரையில் மழை அறைந்தது.

"அது சர்தார் முடியே இல்ல. அண்ணன அடிச்சுப் போட்டுட்டு, அவர் கையில முடியத் திணிச்சிருக்கீங்க. சர்தார் பின்னால போகப் பயம். பழக்கதோஷத்துல, சர்ட்டிபிகேட்டுக்கு அனுப்புற அதே மாட்டு முடிய எடுத்துட்டீங்க."

தங்கராஜ் மூலையிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்தார். குரல் உயரவில்லை.

"அந்த முடி எங்க?"

ஹேண்ட்பேகிலிருந்து கவரை நீட்டினாள். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. லைட்டரைத் தட்டினார். கருகிய நாற்றம் அறையை நிறைத்தது.

"இப்ப போய் யார்கிட்ட வேணா சொல்லு."

எஸ்தர் தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்; அதற்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் வந்தாள். நிஜ முடி வண்டி டிக்கியில் இருந்தது.

ஜன்னலைத் தாண்டும்போது சொன்னாள்:

"நீங்க எரிச்சது என் சீப்புல இருந்த முடி சார். அது ஏ-ஒன்னா, ஏ-டூவான்னு எனக்கே தெரியாது."