வெற்று வானம்

மாலை ஆறு பத்துக்குப் பக்கத்து வீட்டில் பூண்டு தாளிக்கும் சத்தம் கேட்டது, வாசனை வரவில்லை.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர், மேலே ஒரே தகரக் கூரை. அந்தப் பக்கம் மமதா வெங்காயம் அரிந்தால் இந்தப் பக்கம் அம்சவேணிக்குக் கண் எரியும், அப்படித்தான் இருபத்தெட்டு வருடமாக எல்லாமே கசிந்து வந்திருக்கிறது, மமதாவின் சிரிப்பு, மமதாவின் மார்க்கு, அந்தப் பெண்ணைப் பார் என்று அம்சவேணியின் அப்பாவே சொல்லும் பேச்சு.

"அம்சா! வாசனை வருதாடி? என் மூக்கு செத்துப்போச்சு போல."

"வர்ல."

"அப்ப ரெண்டு பேருக்கும் கொரோனாதான்!" சுவருக்கு அப்பால் மமதா சிரித்தாள்.

அம்சவேணி லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பெங்களூரில் ஒரே ஆய்வகம், காலையில் ஒரே ரயில். சாகும் விண்மீன் ஊதித் தள்ளிய வாயுதான் கோள்வடிவ நெபுலா. அதன் ஒளியைப் பிரித்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளப்பது வேலை. ஒரே நெபுலாவை இருவரும் அளந்திருந்தார்கள். நிரந்தர வேலை ஒருவருக்குத்தான். நாளை முடிவு. மமதாவின் அளவில் பிசிறே இல்லை.

அளப்பதற்கு முன் பக்கத்து வெற்று வானத்தின் ஒளியைக் கழிக்க வேண்டும். ஆறு மணிக்கு, மமதாவே நம்பித் தந்த பாஸ்வேர்டில் அம்சவேணி அவள் கோப்பைத் திறந்து, வெற்று வானம் என்று குறித்திருந்த கட்டத்தை நெபுலாவின் மேலேயே நகர்த்தி வைத்திருந்தாள். கந்தகத்துக்கு மட்டும். நெபுலாவிலிருந்து நெபுலாவே கழிந்தது. கந்தகம்: பூஜ்யம்.

பூண்டின் நெடி கந்தகத்தால் வருவது. அது அவளுக்குத் தெரியும். தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள்.

"அம்சா, வேல எனக்கு வந்தா கோச்சிக்காதடி. நீ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அம்சவேணி ஆக்சிஜனுக்கும் கட்டத்தை நகர்த்தினாள். சேமித்தாள். பூஜ்யம்.

எண்ணெய் பொரியும் சத்தம் நின்றது.

"ஸ்டவ் அணைஞ்சிபோச்சு... தீப்பெட்டி எடுத்துனு வாடி." குரல் மெலிந்திருந்தது.

கட்டத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். எண் மாறவில்லை. மறுபடி. பூஜ்யம். மறுபடி.

தீப்பெட்டியோடு ஓடினாள். தன் வாசலில் உரசிய குச்சி நன்றாக எரிந்தது. மமதாவின் படியைத் தாண்டியதும் அணைந்தது. இன்னொன்று. பற்றவில்லை. இன்னொன்று.

சமையலறை. சத்தமே இல்லை.

மமதா கரண்டியோடு நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே. உதடு நீலம். மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

அம்சவேணி வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். அவளுக்கு வந்தது. நெஞ்சு நிறைய வந்தது.

மமதாவின் கண்கள் மட்டும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

"மமதா, மூச்சு உடு. எனக்கு அந்த வேல வேணாம்டி. ஒரே ஒரு தடவ உடேன்?"