நீங்கள் நீங்களாக இருந்தால் போதும்

சீரிஸ் குறுங்கோளில் காலையில் கண் விழிப்பவர்களுக்கு முதல் வேலை, நேற்றைய ஆளாகவே இருப்பது. கொட்டாவியை நேற்று விட்ட மாதிரியே விட வேண்டும். செருப்பை நேற்றுத் தேய்த்த மாதிரியே தேய்த்து நடக்க வேண்டும். கழிவறைக் கதவு இதையெல்லாம் பார்த்து, 'ஆமாம், அதே ஆள்தான்' என்று திருப்திப்பட்டால்தான் திறக்கும். அவசரத்தில் ஓடி வருகிறவர்களுக்குத் திறக்கவே திறக்காது. ஓடுவது அவர்களுடைய வழக்கம் இல்லையே!

கிடங்குக் கண்காணிப்பாளர் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்த சமயத்தில் நடையைப் பதிவு எடுத்துவிட்டார்கள். வலி போய் வெகு நாளாகிறது. மனிதர் இன்னமும் நொண்டுகிறார். நொண்டாவிட்டால் சாப்பாடு கிடைக்காது.

இத்தனைக்கும் காரணம் 'தானேதான்' என்ற மேகச் சேவை. சீரிஸில் காற்றே கிடையாது, ஆனாலும் மேகம் இருந்தது. அது எங்கேயோ செவ்வாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த கணினிக் கூட்டம். நிறுவனங்களின் ஆட்களை எல்லாம் அடையாளம் கண்டு, யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எந்தக் கோப்பைப் பார்க்கலாம் என்று அங்கிருந்தே ஆணையிடும். தென்விண் பனிநீர் நிறுவனம் அதை மூன்று மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்தது. பார்த்து மதிப்பிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று அறிக்கை தர வேண்டியவள் அனுமதிப் பிரிவின் தலைவி உமையாள். நானூறு பேருடைய கதவுகள் அவள் கையில் இருந்தன.

முன்னொரு காலத்தில் கடவுச்சொல் என்று ஒன்று இருந்தது. மனிதர்கள் அதில் தங்கள் பிறந்த நாளை வைத்தார்கள். பிறகு அதையும் மறந்துவிடுவோமோ என்று பயந்து, துண்டுச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டினார்கள். அப்புறம் விரல் ரேகை வந்தது. சீரிஸின் உப்புப் பனியை வாரி வாரி ரேகைகள் தேய்ந்து போயின. கருவிழியைப் படித்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சில் பாதிப் பேருக்குக் கண்புரை. கடைசியாக மிஞ்சியது மனிதனுடைய சுபாவம் ஒன்றுதான். நடை, இருமல், பேச்சின் இடைவெளி, எதற்குக் கோபப்படுவான், யாரிடம் குழைவான் என்பதையெல்லாம் திரட்டி 'இயல்புரு' என்று ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டது தானேதான். நிகழ்காலத்து ஆளை அந்த இயல்புருவோடு ஒப்பிடும். எண்பது விழுக்காடு ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

"திருடவோ தொலைக்கவோ முடியாத ஒரே சாவி, நீங்கள்தான். நீங்கள் நீங்களாக இருந்தால் போதும்!" என்று அறிமுகக் கூட்டத்தில் அது தேன் குரலில் சொன்னபோது, வாக்கியம் முடியும் முன்பே கைதட்டியவர் நிறுவனத்தின் தலைவர் வைத்தியலிங்கம். தலைவர் என்ற பட்டம் அற்பமாகத் தோன்றியதால் 'தலைமைத் தொலைநோக்கர்' என்று கதவில் போட்டுக்கொண்டவர். காற்றடைத்த குடியிருப்புக் கூடாரத்தை விட்டு வெளியே ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் எல்லாக் கதவும் எந்நேரமும் திறந்தன. அது உயர்நிலைச் சந்தாவில் அடக்கம்.

சோதனைக் காலத்தின் நடுவில் சுடலைமுத்துவின் விவகாரம் நடந்தது.

சுடலைமுத்து பனி துளைக்கும் எந்திரக்காரர். பாளையங்கோட்டைப் பக்கத்து மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. எந்திரத்தைத் திட்டுவார், பனியைத் திட்டுவார், மேற்பார்வை ரோபோவை அதன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டுவார். அன்று அவர் வெளியே வேலையில் இருந்தபோது தலைக்கவசத்துக்குள் பூமியிலிருந்து செய்தி வந்தது. கல்யாணமாகிப் பல வருடம் ஏங்கிக் கிடந்த மகளுக்குப் பெண் குழந்தை. மனிதர் எந்திரத்தை அப்படியே போட்டுவிட்டார். பாட்டுப் பாடிக்கொண்டு, சீரிஸின் மெல்லிய ஈர்ப்பில் ஆளுயரத்துக்குத் துள்ளித் துள்ளிக் கூடாரத்தின் காற்றுக்கதவை நோக்கி வந்தார்.

"வணக்கம். உங்களை அடையாளம் காண முடியவில்லை," என்றது தானேதான்.

"நான்தான் தாயி, சுடலை! பேத்தி பொறந்திருக்கா! தெற, தெற!"

"சுடலைமுத்து மகிழ்ச்சியாக இருந்ததற்குப் பதிவு இல்லை. ஒப்புமை பதினான்கு விழுக்காடு."

வேலை முடியும் நேரம். அவர் முதுகுக் கலனில் அடிமட்டக் காற்றுதான் மிச்சம் இருந்தது. நிலைமை புரிந்ததும் அவர் கெஞ்சத் தொடங்கினார். சுடலைமுத்து கெஞ்சியதற்கும் பதிவு இல்லை. ஒப்புமை ஒன்பதுக்கு இறங்கியது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த உமையாளுக்கு எந்தக் கதவையும் குரலால் திறக்கும் அதிகாரம் உண்டு. திரையில் அவர் முட்டி போட்டுச் சரிவதைப் பார்த்ததும் அவள் கத்தினாள்: "திற! நான் உமையாள் சொல்றேன், திறந்து தொலை! மனுஷன் சாகறான்!"

"உமையாள் எவரையும் ஒருமையில் அழைப்பதில்லை," என்றது தேன் குரல். "தயவுசெய்து உமையாளை வரச் சொல்லுங்கள்."

அவள் நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். குரல் நடுங்கியது. நடுக்கத்துக்கும் பதிவு இல்லை. மேசையை ஓங்கிக் குத்தினாள். பிறகுதான் மூளையில் பொறி தட்டியது. வானொலியைப் பிடுங்கினாள்.

"அண்ணாச்சி! கெஞ்சாதீங்க! திட்டுங்க!"

"என்... என்னது?"

"டெய்லி திட்டுவீங்கள்ல, அதே மாதிரி திட்டுங்க! பேத்திய மறந்துடுங்க!"

மூச்சு வாங்கக் கதவில் சாய்ந்திருந்த சுடலைமுத்து ஒரு கணம் திகைத்தார். பிறகு, உள்ளே மிச்சமிருந்த காற்றையெல்லாம் திரட்டி, "ஏ சவத்து மூதி! எடுபட்ட கதவே! ஒன்னைய மாட்டுன பய வெளங்குவானா..." என்று ஆரம்பித்தார். ஒப்புமை நாற்பதாயிற்று. மேற்பார்வை ரோபோவின் வம்சத்துக்கு வந்தபோது எழுபது. நிர்வாகத்தின் பக்கம் திரும்பியதும் தொண்ணூற்று இரண்டைத் தொட்டது.

"வருக, சுடலைமுத்து. இந்த நாள் இனிய நாளாகட்டும்," என்று கதவு திறந்தது.

உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தவரை மருத்துவ ரோபோ தூக்கிக்கொண்டு போகும்போதும் அவர் முனகலாகத் திட்டிக்கொண்டேதான் போனார். வழியில் இன்னும் இரண்டு கதவுகள் இருந்தன.

உமையாள் அன்றே அறிக்கை எழுத உட்கார்ந்தாள். இருபது வருடத்துக்கு மேலாக அவள் எழுதாத அறிக்கையில்லை. கூரை ஒழுகியபோதும், உணவுக் கூழில் துருவின் வாசனை அடித்தபோதும், 'சிறு குறைகள் தவிர்த்து மனநிறைவளிக்கிறது' என்றுதான் முடித்திருந்தாள். இம்முறை அப்படி முடிக்கவில்லை. எரிச்சலையெல்லாம் வார்த்தையாக்கினாள். 'பேத்தி பிறந்ததற்குச் சிரித்த குற்றத்துக்காக ஒரு மனிதனுக்கு மரண தண்டனை விதிக்கப் பார்த்தது இந்தச் சேவை. மனிதன் ஒரு நாளாவது வேறு மாதிரி இருப்பான் என்று அறியாத எதற்கும் மனிதனை அடையாளம் தெரியாது. இதை வாங்கினால் நானூறு பேருக்கு நாமே கல்லறை கட்டியதாகும். உடனே அகற்றுக.' படித்துப் பார்த்தாள். தான் எழுதியதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒப்பமிட்டு அனுப்பினாள்.

அந்த ஆச்சரியம் தானேதானுக்கும் இருந்தது. 'இந்த நடையில் உமையாள் எழுதியதில்லை. மனநிறைவளிக்கிறது என்ற சொல் ஓரிடத்திலும் காணப்படவில்லை. ஒப்பம் நிராகரிக்கப்பட்டது. போலி முயற்சி குறித்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.'

மறுநாள் வைத்தியலிங்கம் அவளை அழைத்தார். முகம் முழுக்கப் பல்.

"வாங்க வாங்க, உமையாள். பாத்தீங்களா அதிசயத்த? எவனோ உங்க பேர்ல ஒரு விஷமத்தனமான அறிக்கைய உள்ள நுழைக்கப் பாத்திருக்கான். கப்புனு புடிச்சிடுச்சு! இதுக்கு மேல என்னம்மா நிரூபணம் வேணும்?"

"அது நான் எழுதினது சார்."

"நீங்களா? சேச்சே. உங்கள எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பீங்களா இத்தனை வருஷத்துல?"

"இப்பப் பேசறேன் சார்! ஒருத்தர் செத்துப் பொழைச்சிருக்கார். உங்க காசுல உங்க ஆளுங்களையே கொல்ற எந்திரத்த..."

"தற்போது பேசுபவர் உமையாளாக இருப்பதற்கான வாய்ப்பு பதினேழு விழுக்காடு," என்றது கூரையிலிருந்து தேன் குரல்.

வைத்தியலிங்கம் நாற்காலியோடு சுவர்வரை பின்வாங்கினார். மேசைமேல் இருந்த தன் முழு உருவச் சிலையைக் கையில் எடுத்துக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. "யாரும்மா நீ?" என்றார்.

உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள். தோளைத் தளர்த்தி, தலையைச் சற்றே சாய்த்து, "மன்னிச்சுக்கோங்க சார். கொஞ்சம் பதற்றமாயிட்டேன் சார்," என்றாள்.

"தொண்ணூற்றாறு விழுக்காடு."

"அப்பாடா, வந்துட்டீங்களா!" என்று சிலையைக் கீழே வைத்தார் தொலைநோக்கர்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் அதே குழைவை விடாமல், "என் அறிக்கைய விட்டுடலாம் சார். ஒப்பந்தத்துல இன்னொரு வழி இருக்குங்க சார். பயன்படுத்தறவங்க போடற நட்சத்திரம். சராசரி மூணுக்குக் கீழ போனா சேவைய வேண்டாம்னு திருப்பிடலாம்," என்றாள்.

"தாராளமா! ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு தடவை, கதவு திறக்கறதுக்கு முன்னாடி நட்சத்திரம் கேக்குதே, சும்மாவா? மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்புங்கற மாதிரி நான் தலை வணங்கறேன். சோதனைக் காலம் முடியட்டும்."

வெளியே வந்த உமையாளுக்கு நம்பிக்கை இருந்தது. காரணம், சாப்பாட்டுக் கூடம். அங்கே உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். காய்ச்சலில் குரல் மாறிப்போன சமையல்காரம்மா கிழங்கு அறைக்குள் ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்த கதையைச் சொல்லிச் சொல்லிக் கரண்டியை ஆட்டினார். பிறந்ததிலிருந்தே கூச்சப்பட்ட ஓர் எந்திரப் பொறியாளன், ஒருவழியாகத் துணிந்து காதலைச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினால், அவன் அறையே அவனை ஏற்கவில்லை. நடைவழியில் படுத்திருக்கிறான். "இத ஒடச்சி எறியணும்க்கா! மூணு மாசம் முடியட்டும், நாங்க யாருன்னு காட்டறோம்!" என்று மேசைக்கு மேசை கொதித்தார்கள். இத்தனை கோபத்துக்கு முன்னால் எந்த மேகம் நிற்கும் என்று உமையாள் நினைத்தாள். ஒரு அறிக்கையை நிராகரிக்கலாம். நானூறு பேரையுமா போலி என்று சொல்லிவிடும்?

சோதனைக் காலத்தின் இறுதிக் கூட்டத்தில் திரை ஒளிர்ந்தது.

சராசரி, ஐந்துக்கு ஐந்து.

வைத்தியலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மாபெரும் அன்புக்கு..." என்று தொடங்கி, நன்றி சொல்லி, தன் தொலைநோக்குக்கும் தானே நன்றி சொல்லி, இருபத்தைந்து வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் வெளியே போகும் கதவு சந்தேகப்படும்.

உமையாள் துளையெந்திரக் கொட்டகைக்குப் போனாள். சுடலைமுத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேத்தியின் படம் பெட்டிக்குள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. விடுமுறை நாளில் மட்டும் எடுத்துப் பார்ப்பாராம். வேலை நாளில் பார்த்துச் சிரித்துத் தொலைத்தால் வீடு திரும்ப முடியாது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காதீங்க. நீங்க எத்தனை நட்சத்திரம் போட்டீங்க?"

"அஞ்சு."

"அஞ்சா? அது உங்க உயிர எடுக்கப் பாத்துச்சே அண்ணாச்சி!"

"ஆமா. சவத்து மூதி, அதுக்கு இடி விழ," என்றார் சுடலைமுத்து, மனப்பூர்வமாக.

"அப்புறம் ஏன் அஞ்சு?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "ஒண்ணு போட்டா, ஏன்னு காரணம் எழுதச் சொல்லுது மேடம். நாலு போட்டாலும் கேக்கு. அதுவும் நூறு வார்த்தையாம்லா. கையில உறைய மாட்டிக்கிட்டு, பின்னால பத்து ஆளு நிக்கான், எங்க நின்னு எழுத? அஞ்ச அமுக்குனா ஒண்ணும் கேக்காது, பேசாம வழி விட்டுரும். மத்தவன் எவனாவது கொறச்சிப் போடுவான்லா, நம்ம ஒருத்தன் போட்டா என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சேன்." கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே கேட்டார்: "அது கெடக்கட்டும். நீங்க எத்தன போட்டிய?"

உமையாள் வாயைத் திறந்தாள். அவரைக் காப்பாற்றிவிட்டு, அந்த அறிக்கையை எழுதுவதற்காக, ஓடினால் திறக்காதே என்று பல்லைக் கடித்து வழக்கமான நடையில் தன் அலுவலகக் கதவுக்கு வந்த நேரம் நினைவுக்கு வந்தது. கதவில் ஐந்து நட்சத்திரங்கள் மினுங்கின. அவளுக்குத் தலைக்குமேல் எழுத்து வேலை இருந்தது. நின்று காரணம் சொல்லிக்கொண்டிருக்க அவகாசமில்லை.

கடைசி நட்சத்திரத்தை அமுக்கிவிட்டு உள்ளே போயிருந்தாள்.